மெத்தை விரிப்பவளுக்குப் பாய் எங்கே?

"கேளிக்கைப் பூங்காவுக்கு வாருங்கள்! பக்கத்திலேயே எங்கள் ஹோட்டலில் தங்குங்கள்! குளிர்சாதன அறை, வெள்ளை வெளேரென்ற விரிப்பு, நீச்சல் குளம், காலைப் பலகாரம் எல்லாம் தயார்!" என்று விளம்பரம் வருகிறது. டெலிவிஷனில் வருகிறது, கையிலுள்ள போனிலும் வருகிறது. பிள்ளைகள் பார்த்துவிட்டு அப்பனிடம் கேட்கின்றன. அப்பனோ ஸ்பின்னிங் மில்லில் ராத்திரி ஷிப்டு முடித்துவிட்டு வந்து கண் எரியப் படுத்திருப்பவன். அம்மாவோ வெங்காயம் பிடுங்கும் கூலிக்குப் போனவள். அவர்கள் என்ன பதில் சொல்வார்கள்? "பார்க்கலாம்" என்பார்கள். ஏழை வீட்டில் "பார்க்கலாம்" என்றால் "இல்லை" என்று அர்த்தம்.

இது பணக்காரர் சங்கதி, நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். கன்னிவாடியில் உட்கார்ந்துகொண்டு எங்கோ இருக்கும் ஹோட்டல் அறையைப் பற்றி ஏன் பேச வேண்டும்?

மூன்று காரணங்கள் உண்டு. அந்த அறையில் மெத்தை விரிக்கப் போகிறவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகள். காட்டு வேலை இல்லாத மாதங்களில் கொடைக்கானல் மலைக்கும், சென்னைக்கும், வளைகுடா நாடுகளுக்கும் ஹோட்டல் வேலை தேடிப் போகிறவர்கள் அவர்கள்தான். இது முதல் காரணம். அந்தப் பூங்காவுக்கும் ஹோட்டலுக்கும் விட்டுக்கொடுக்கப்படும் வரி, நம் தெருவிளக்குக்கும் குடிதண்ணீருக்கும் வர வேண்டிய பணம். இது இரண்டாவது. அங்கே பெயர்ப்பலகைக் கம்பெனி ஆடுகிற ஆட்டமும், இங்கே நம் மில்லில் நடக்கிற ஆட்டமும் ஒன்றே. இது மூன்றாவது.

தங்க இடம் கொடுப்பது என்பது நம் சீமைக்குப் புதிதல்ல. ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம் என்ற ஊர்ப் பெயர்களே சாட்சி. பழனிக்கு நடந்து போகிறவன் ராத்திரி தலை சாய்க்கத் திண்ணையும் குடிக்கத் தண்ணீரும் கிடைத்த காலம் ஒன்று இருந்தது. அதைப் பொற்காலம் என்று நாம் கொண்டாடவில்லை. சத்திரங்களிலும் ஜாதி பார்த்தார்கள். உழைக்கும் ஜனங்களில் பாதிப் பேருக்கு உள்ளே இடமில்லை. ஆனால் படுக்கையைப் பண்டமாக்கி, அதற்கு வரியும் போட்டு, அந்த வரியையும் முதலாளியே விழுங்குகிற வித்தை அந்தக் காலத்தில் இல்லை. அது இந்தக் காலத்து வித்தை. அந்த வித்தையின் தலைமைப் பீடம் எது என்று முதலில் பார்ப்போம்.

ஆரஞ்சுத் தோட்டத்தில் முளைத்த கோட்டை

அமெரிக்காவில் கலிபோர்னியா ராஜ்யத்தில் ஆரஞ்ச் கவுண்ட்டி என்றொரு ஜில்லா இருக்கிறது. பெயரே சொல்கிறது, அது ஆரஞ்சு விளைந்த பூமி. பழம் பறித்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ நாட்டிலிருந்து வந்த கூலிகள். 1936-ம் வருஷம் அவர்கள் கூலி உயர்வும் சங்க உரிமையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். சுமார் 2,500 பேர் பறிப்பை நிறுத்தினார்கள். தோட்ட முதலாளிகளுக்குத் துணையாக ஜில்லா போலீஸ் தலைவர் என்ன உத்தரவு போட்டார் தெரியுமா? சுட்டுக் கொல்லவும் தயங்காதே என்றார்! தடியடி, கைது, நாடு கடத்தும் மிரட்டல் எல்லாம் நடந்தன. ஆரஞ்சுப் பழம் இனிப்பாகத்தான் இருந்தது. பறித்தவன் வாய்தான் கசந்தது.

அந்த ஜில்லாவில் அனஹைம் என்ற ஊரில் 160 ஏக்கர் தோட்டத்தை அழித்து, 1955 ஜூலை 17-ந் தேதி டிஸ்னிலாந்து என்ற கேளிக்கைப் பூங்காவைத் திறந்தார் வால்ட் டிஸ்னி. மிக்கி எலிப் படங்களால் உலகறிந்தவர். அவரது பட ஸ்டுடியோவில் 1941-ல் ஓவியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1947-ல் அமெரிக்கப் பார்லிமெண்டின் விசாரணைக் கமிட்டி முன் போய் நின்று, அந்த வேலைநிறுத்தத்துக்குக் கம்யூனிஸ்டுகள்தான் காரணம் என்று சாட்சி சொன்னார் அவர். கூலி கேட்டவன் எவனானாலும் அவனைக் கலகக்காரன் என்பது முதலாளிகளின் பழைய பாட்டு!

பூங்கா திறந்ததும் ஜனங்கள் குவிந்தார்கள். அப்போது ஒரு விஷயம் முதலாளிகளுக்கு விளங்கியது. ராட்டினத்தில் ஏறுபவன் ஒரு நாள் டிக்கெட் வாங்குகிறான். ஆனால் ராத்திரி படுப்பவன் தினந்தோறும் பணம் கொடுக்கிறான்! பூங்காவைச் சுற்றிலும் மோட்டல்களும் ஹோட்டல்களும் காளான் போல முளைத்தன. டிஸ்னியிடம் அப்போது ஹோட்டல் கட்டப் பணமில்லை. முதல் பெரிய ஹோட்டலை அதே 1955-ல் வேறொரு முதலாளி கட்டிக்கொண்டார். தங்கும் அறையின் லாபம் மற்றவன் பைக்குப் போகிறதே என்று டிஸ்னிக்கு வயிறு எரிந்தது.

அடுத்த தடவை அவர் ஏமாறவில்லை. புளோரிடா ராஜ்யத்தில் பல பினாமிக் கம்பெனிகளின் பெயரால், வாங்குவது யார் என்று வெளியே தெரியாமல், சுமார் 27,000 ஏக்கர் வளைத்தார். கையிருப்பிலிருந்த ரகசியம் 1965-ல்தான் அம்பலமானது. 1967-ல் அந்த ராஜ்ய சட்டசபை அந்த நிலத்துக்குத் தனி உள்ளாட்சி அதிகாரத்தையே எழுதிக் கொடுத்தது. கட்டட அனுமதி முதல் வரி வசூல் வரை கம்பெனியின் கைக்கு வந்தது. 2023-ல் ராஜ்ய சர்க்கார் தலையிடும் வரை அரை நூற்றாண்டுக்கு மேல் அது நீடித்தது. பாளையப்பட்டையும் ஜமீனையும் பார்த்த ஊர் கன்னிவாடி. ஜமீன்களை ஒழிக்க நம் நாட்டில் 1948-ல் சட்டம் வந்தது. முதலாளித்துவத்தின் தாய்வீட்டிலோ 1967-ல் புது ஜமீன் உண்டாக்கினார்கள்!

அறைக்குள் என்ன நடக்கிறது?

சரி, அறைக்குள் போவோம். பூங்காவுக்கு வந்த குடும்பம் காலை 11 மணிக்குக் காலி செய்கிறது. மாலை 3 மணிக்கு அடுத்த குடும்பம் வந்துவிடும். இடையிலுள்ள நான்கு மணி நேரத்துக்குள் மாடி முழுவதும் புதுசு போல ஆக வேண்டும். கனமான மெத்தையைத் தூக்கி விரிப்பை இழுத்துச் செருக வேண்டும். கக்கூஸையும் குளியல் தொட்டியையும் முழந்தாளிட்டுத் தேய்க்க வேண்டும். பிள்ளைகள் சிந்திய ஐஸ்கிரீமைக் கம்பளத்திலிருந்து எடுக்க வேண்டும். ஈரத் துண்டுகளை அள்ளி வண்டியில் போட்டு அடுத்த அறைக்குத் தள்ள வேண்டும். அமெரிக்காவில் ஒருத்திக்கு ஒரு ஷிப்டுக்குப் பதினைந்து அறை அளவில் கணக்கு வைக்கிறார்கள். ரிங் பிரேமில் உனக்கு இத்தனை சைடு என்று மில் மேஸ்திரி எழுதிக் கொடுப்பதில்லையா, அதே கணக்குத்தான். ஹோட்டல் வேலைகளிலேயே இடுப்பும் தோளும் முதலில் போவது அறை துடைக்கும் பெண்ணுக்குத்தான்.

இவ்வளவு உழைக்கிறவளுக்குப் பூங்கா முதலாளி என்ன வாழ்வு கொடுத்தார்? 2018-ல், தொழிற்சங்கங்கள் கேட்டுக்கொண்டபடி ஒரு கல்லூரியும் ஓர் ஆராய்ச்சி ஸ்தாபனமும் சேர்ந்து டிஸ்னிலாந்து பூங்காவிலும் அதன் ஹோட்டல்களிலும் வேலை செய்யும் 5,000 பேரிடம் விசாரித்தார்கள். வாங்கும் சம்பளம் மாதச் செலவுக்குப் போதவில்லை என்றவர்கள் நூற்றுக்கு 73 பேர். அதற்கு முந்திய இரண்டு வருஷத்தில் தங்க வீடில்லாமல் அலைந்திருக்கிறோம் என்றவர்கள் நூற்றுக்கு 11 பேர்!

தோழர்களே, நன்றாக யோசித்துப் பாருங்கள். அடுத்தவன் படுக்கையை நாளெல்லாம் விரிக்கிறவளுக்கு ராத்திரி படுக்க இடமில்லை! காரிலும் சொந்தக்காரர் வீட்டுச் சோபாவிலும் தூங்கி எழுந்து, முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு, "உலகத்திலேயே மகிழ்ச்சியான இடத்துக்கு" வேலைக்கு வருகிறாள்! கம்பெனி இந்த விசாரணையைச் சங்கங்களின் பிரசாரம் என்று தள்ளியது. பிரசாரம் என்றே வைத்துக்கொள்வோம். பிறகு கோர்ட்டில் என்ன நடந்தது என்று கீழே பாருங்கள்.

படுக்கை வரி யார் வீட்டுக்கு?

அனஹைம் நகரத்தில் ஹோட்டல் அறைக்கு நூற்றுக்கு 15 வீதம் வரி. அந்த ஊர்க்காரர்கள் அதைப் படுக்கை வரி என்றே சொல்வார்கள். விருந்தாளி பில்லில் அந்தத் தொகையைக் கட்டுகிறான். ஊருக்கு வந்தோம், ஊரின் ரோட்டையும் தண்ணீரையும் உபயோகித்தோம், ஊருக்கு வரி கட்டினோம் என்று நினைத்துக்கொண்டு போகிறான்.

ஆனால் 2016-ல் அந்த நகரசபை என்ன செய்தது? புதிதாக ஆடம்பர ஹோட்டல் கட்டுவோருக்கு, அந்த ஹோட்டலில் வசூலாகும் படுக்கை வரியில் நூற்றுக்கு 70 பாகத்தை 20 வருஷம் வரை முதலாளிக்கே திருப்பிக் கொடுப்போம் என்று ஒப்பந்தம் போட்டது! டிஸ்னி கட்டுவதாக இருந்த 700 அறை ஹோட்டலுக்கு மட்டும் இந்த வகையில் 26 கோடியே 70 லட்சம் டாலர் என்று மதிப்பிட்டார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே!

அதற்கு முன்பே 1996-ல் ஒரு ஒப்பந்தம் இருந்தது. பூங்காவை விஸ்தரிக்க நகரசபை தன் பெயரில் 51 கோடி டாலர் கடன்பத்திரம் வெளியிட்டது. அந்தப் பணத்தில் பல அடுக்குக் கார் நிறுத்துமிடம் கட்டிக் கொடுத்தது. அதற்கு டிஸ்னி கட்டும் குத்தகை வருஷத்துக்கு ஒரு டாலர். கார் நிறுத்த வருபவனிடம் வாங்கும் பணம் முழுவதும் கம்பெனிக்கு! கன்னிவாடியில் கால் குழி நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கிறவன் எவனாவது வருஷத்துக்கு ஒரு ரூபாய் கொடுத்துத் தப்ப முடியுமா? விளைந்தாலும் விளையாவிட்டாலும் குத்தகை அளந்தாக வேண்டும். சலுகை என்ற சொல்லே பணக்காரனுக்காகத்தான் அகராதியில் இருக்கிறது போலும்!

தொழிலாளி போட்ட நிபந்தனை

தொழிலாளிகள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. சங்கங்கள் ஒன்று சேர்ந்தன. அந்த ராஜ்யத்தில் ஒரு வழி உண்டு: போதிய வாக்காளர் கையெழுத்து வாங்கினால், ஜனங்களே ஒரு சட்டத்தை ஓட்டுக்கு விடலாம். வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். கோரிக்கை ரொம்பச் சின்னது, ரொம்ப நியாயமானது: நகரசபையிடம் வரியைத் திருப்பி வாங்குகிற எந்த முதலாளியும் அந்தப் பூங்கா வட்டாரத்தில் மணிக்கு 15 டாலருக்குக் குறையாமல் கூலி கொடுக்க வேண்டும், அது வருஷம் ஒரு டாலராக ஏறி 2022-ல் 18 டாலர் ஆக வேண்டும், அதற்குப் பிறகு விலைவாசிக்குத் தக்கபடி ஏற வேண்டும். ஊர்ப்பணத்தைத் தின்கிறாயா, ஊர்க்காரனுக்கு வயிறாரக் கூலி கொடு!

ஓட்டெடுப்பு நெருங்கியபோது, 2018 ஆகஸ்டில், டிஸ்னி கம்பெனி தானாகவே நகரசபைக்குக் கடிதம் எழுதி வரிச் சலுகை ஒப்பந்தங்களை ரத்து செய்துகொண்டது. நவம்பரில் ஜனங்கள் ஓட்டுப்போட்டுச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். உடனே, நாங்கள் சலுகை எதுவும் வாங்கவில்லையே, இந்தச் சட்டம் எங்களைக் கட்டாது என்றது கம்பெனி. 2019-ல் தொழிலாளிகள் வழக்குப் போட்டார்கள். கீழ்க்கோர்ட்டில் தோற்றார்கள். விட்டார்களா? மேலே போனார்கள். 2023 ஜூலையில் மேல்முறையீட்டுக் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது: 1996 ஒப்பந்தமே வரியைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடுதான், ஆகவே சட்டம் டிஸ்னியையும் கட்டும் என்றது. கடைசியில் கம்பெனி 23 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசத்துக்கு வந்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளருக்கு அது சேர வேண்டிய பாக்கி!

பிரசாரம் என்றார்களே, அந்தப் பிரசாரத்தின் விலை 23 கோடி டாலர்!

பலகை ஒருவனுக்கு, பாவம் ஒருவனுக்கா?

பூங்காவின் சொந்த ஹோட்டலைப் பற்றிச் சொன்னோம். சுற்றிலும் இருக்கும் மற்ற ஹோட்டல்கள்? அவற்றில் பெரும்பாலானவற்றின் வாசலில் உலகமறிந்த கம்பெனிகளின் பலகை தொங்குகிறது. ஒரே பெயர், ஒரே நிறம், ஒரே சோப்பு, ஒரே தலையணை. உள்ளே போய்ச் சம்பளம் குறைவு என்று கேட்டால், "நாங்கள் முதலாளி இல்லை, கட்டடம் இன்னொருவருடையது, நடத்துபவர் வேறொருவர், துடைக்கும் ஆளைக் கொடுத்தது ஏஜென்சி" என்று பதில் வருகிறது. உலகத்தின் மிகப் பெரிய ஹோட்டல் கம்பெனியான மாரியட் பெயரில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஹோட்டல்கள் இருக்கின்றன. நூற்றில் இரண்டு கூட அதன் சொந்தக் கட்டடம் அல்ல. பலகைக்கு வாடகை வாங்குகிறது. அறைக்குக் கமிஷன் வாங்குகிறது. விரிப்பில் எத்தனை மடிப்பு என்று சட்டம் போடுகிறது. கூலி என்று வந்தால் மட்டும், அது நானல்ல என்கிறது!

அந்த மாரியட்டில் 2018 அக்டோபரில் அமெரிக்காவின் எட்டு நகரங்களில் 7,700 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். "ஒரே வேலை செய்தால் வயிறு நிரம்ப வேண்டும்" என்பது அவர்கள் கோஷத்தின் சாரம். ஏன் அந்தக் கோஷம்? ஹோட்டலில் ஒரு ஷிப்டு, வேறெங்கோ இன்னொரு ஷிப்டு என்று இரண்டு மூன்று வேலை பார்த்தால்தான் வாடகை கட்ட முடியும் என்ற நிலைமை. சான்பிரான்சிஸ்கோவில் 61 நாள் வெளியே நின்றார்கள். பிளவுபடாமல் நின்றார்கள். கூலி உயர்வோடுதான் உள்ளே போனார்கள்.

அந்தப் போராட்டத்தில் வெளிவந்த ஒரு தந்திரத்தைக் கேளுங்கள். "அறையை இன்று சுத்தம் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள், தண்ணீர் மிச்சமாகும், பூமியைக் காப்பாற்றுங்கள், உங்களுக்குச் சன்மானப் புள்ளி தருகிறோம்" என்று விருந்தாளியிடம் சொன்னார்கள். விருந்தாளி நல்ல மனசோடு தலையாட்டினான். பலன்? துடைக்க வருகிறவளுக்கு அன்று வேலை இல்லை, கூலியும் இல்லை. நாலு நாள் அழுக்குச் சேர்ந்த அறையைக் கடைசி நாளில் அதே நேரத்துக்குள் அவளே தேய்க்க வேண்டும். பூமியின் பெயரைச் சொல்லி அவள் கஞ்சியில் மண்ணைப் போட்டார்கள்!

பலகைக் கம்பெனியைப் பிடிக்கவே முடியாதா? முடியும்! அதற்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை, நம் திண்டுக்கல் ஜில்லாவே வழிகாட்டியிருக்கிறது. வேடசந்தூர் பக்கத்தில் வெளிநாட்டுப் பெயர்களுக்கு உடுப்புத் தைத்த ஒரு தொழிற்சாலையில், 2021 ஜனவரியில் 20 வயதுத் தொழிலாளிப் பெண் ஒருத்தி கொலை செய்யப்பட்டாள். அங்கே பெண்கள் பட்ட தொல்லைகள் வெளியே வந்தன. பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளித் தொழிலாளர் சங்கம் விடவில்லை. 2022 ஏப்ரலில் உற்பத்தி முதலாளியான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் கையெழுத்துப் போட்டது. எச் அண்ட் எம் என்ற உலகக் கம்பெனியும் பொறுப்பை ஏற்றுக் கையெழுத்துப் போட்டது. உலகம் அதைத் திண்டுக்கல் ஒப்பந்தம் என்று நம் ஊர்ப் பெயராலேயே அழைத்தது. சட்டையில் பெயர் போட்டவனைப் பிடிக்க முடியுமானால், ஹோட்டல் வாசலில் பெயர் போட்டவனையும் பிடிக்க முடியும்!

நம் வீட்டுக் கணக்கு

இனி நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். செங்கற்பட்டு ஜில்லா திருப்போரூர் பக்கம் இள்ளலூரில் வொண்டர்லா கம்பெனி பெரிய கேளிக்கைப் பூங்கா கட்டி 2025 டிசம்பரில் திறந்தது. முதலீடு ஐந்நூறு கோடி ரூபாய்க்கு மேல். நம் ராஜ்யத்தில் கேளிக்கை வரி உள்ளாட்சிகளுக்குச் சேர வேண்டியது. அதற்கென்றே 2017-ல் சட்டம் இருக்கிறது. ஜி.எஸ்.டி. வந்தபின் பஞ்சாயத்துகளுக்கு மிஞ்சிய சில வருமானங்களில் அது ஒன்று. அந்த உள்ளாட்சி வரியிலிருந்து இந்தப் பூங்காவுக்குப் பத்து வருஷம் விலக்களிக்க 2023-ல் சர்க்கார் ஒப்புக்கொண்டது. அந்த வருஷமே புதிய சுற்றுலாக் கொள்கை வந்து, சுற்றுலாவுக்குத் தொழில் அந்தஸ்து கொடுத்தது.

முதலாளிக்குத் தொழில் அந்தஸ்து கிடைத்துவிட்டது. தொழிலாளிக்குத் தொழிலாளி அந்தஸ்து எங்கே? நமது கேள்வி இதுதான்.

பூங்காவில் நுழைய ஆயிரத்து ஐந்நூறு ரூபாயை ஒட்டி டிக்கெட். நூறு நாள் வேலைக்கு 2025-26-க்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். ஒரு பிள்ளையை ராட்டினத்தில் ஏற்ற நாலரை நாள் மண் சுமக்க வேண்டும். புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளை என்றால் இரண்டரை வாரம் மண் சுமக்க வேண்டும். அறை வாடகையும் பஸ் சார்ஜும் தனி!

தங்கும் அறையின் வரியையும் பாருங்கள். நாள் வாடகை ஆயிரம் ரூபாய்க்குக் கீழ்ப்பட்ட அறைக்கு ஜி.எஸ்.டி. இல்லாமல் இருந்தது. மதுரைப் பெரியாஸ்பத்திரியில் தாயைச் சேர்த்துவிட்டுப் பக்கத்து லாட்ஜில் ஒரு ராத்திரி முடங்குகிறவனுக்கு அது ஒரு நிம்மதி. 2022 ஜூலை 18 முதல் அந்த விலக்கை எடுத்துவிட்டு நூற்றுக்கு 12 போட்டார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 5 என்று குறைத்தார்கள். யாருக்குக் குறைத்தார்கள்? 7,500 ரூபாய் அறை வரைக்கும் அதே 5! எழுநூறு ரூபாய் லாட்ஜில் முடங்குகிறவனும் நூற்றுக்கு ஐந்து. ஏழாயிரம் ரூபாய் அறையில் நீச்சல் குளம் பார்த்தபடி படுக்கிறவனும் நூற்றுக்கு ஐந்து. இதற்குப் பெயர் சமத்துவமாம்!

ஆட்சேபம் சொல்பவர்களுக்கு

"கம்யூனிஸ்டுக்குப் பிள்ளைகள் சிரிப்பதே பிடிக்காது" என்று சிலர் கேலி பேசுவார்கள். பொய்! திருவிழா ராட்டினத்தில் பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்து, கீழே நின்று கைதட்டுகிற ஜனங்கள் நாம். பிள்ளை சிரிக்கட்டும். மில் தொழிலாளியின் பிள்ளையும் சிரிக்கட்டும். அந்த ராட்டினத்தைச் சுற்றுகிறவனின் பிள்ளையும், மெத்தை விரிக்கிறவளின் பிள்ளையும் சிரிக்கட்டும் என்பதுதான் நம் கட்சி!

"வேலை கொடுக்கிறார்களே, அது போதாதா?" என்பார்கள். வேலை கொடுத்தான் என்று பண்ணையாரைக் கும்பிட்ட காலம் மலையேறிவிட்டது. என்ன வேலை, எத்தனை மணி, என்ன கூலி, எத்தனை நாளைக்கு என்று கேட்காமல் வேலை என்ற சொல்லை மட்டும் விழுங்கினால் பசி தீராது. சட்டம் இல்லாமலும் இல்லை. ஹோட்டல் தொழிலாளரின் வேலை நிலைமைக்கென்றே 1958-ல் உணவு நிறுவனங்கள் சட்டத்தை நம் ராஜ்யத்தில் கொண்டுவந்தார்கள். 1948-ம் வருஷத்துக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 2025 நவம்பரில் புதிய ஊதியத் தொகுப்புக்குள் போய்விட்டாலும், குறைந்தபட்சக் கூலி என்ற கடமை ஒழியவில்லை. ஏட்டில் இருக்கும் சட்டத்தை ஹோட்டல் சமையற்கட்டுக்கும் மாடிப்படிக்கும் கொண்டுவர ஆளில்லை. சங்கம்தான் அந்த ஆள்!

"கூலி நிபந்தனை போட்டால் முதலாளி ஓடிவிடுவான்" என்று மூன்றாவது ஆட்சேபம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை! அனஹைமில் என்ன நடந்தது? சலுகை தகராறில் டிஸ்னி அந்த 700 அறை ஹோட்டல் திட்டத்தைக் கைவிட்டது உண்மை. மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கம்பெனி ஊரை விட்டு ஓடியதா? கோர்ட்டில் தோற்ற மறுவருஷமே, 2024 மே மாதத்தில், அதே ஊரில் பத்து வருஷத்துக்குள் குறைந்தது 190 கோடி டாலர் போட்டு விஸ்தரிக்க நகரசபையிடம் அனுமதி வாங்கிக்கொண்டது! லாபம் இருக்கிற இடத்தில் முதலாளி ஒட்டிக்கொண்டுதான் இருப்பான். தேனடையை விட்டு ஈ ஓடுமா?

நாம் கேட்பது

ஆகவே தோழர்களே, பூங்காவை இடி, ஹோட்டலை மூடு என்று நாம் சொல்லவில்லை. நாம் கேட்பது இவைதான்:

ஒன்று: வரி விலக்கோ, நிலமோ, மானியமோ எதைச் சர்க்கார் கொடுத்தாலும், உத்தரவின் அதே தாளில் கூலியையும் எழுது! வாழப் போதுமான கூலி கொடுக்காத நாளில் சலுகை ரத்து என்று எழுது!

இரண்டு: விலக்கினால் பஞ்சாயத்துக்கு வராமல் போகும் வரியைச் சர்க்கார் கஜானாவிலிருந்து ஈடு கட்டு! கிராமத்து விளக்கை அணைத்துப் பூங்காவுக்கு வெளிச்சம் போடாதே!

மூன்று: ஏஜென்சி ஆள், காண்ட்ராக்ட் ஆள், வெளி ராஜ்யத்திலிருந்து வந்த ஆள் யாரானாலும் ஒரே வேலைக்கு ஒரே கூலி! வாசலில் பெயர் போட்டவனும் பாக்கிக்குப் பொறுப்பு!

நான்கு: ஒரு ஷிப்டுக்கு இத்தனை அறைக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டு! தனியே அறைக்குள் போகும் பெண்ணுக்குப் பாதுகாப்பு ஏற்பாடு செய்!

ஐந்து: சங்கம் வைக்கும் உரிமையில் கை வைக்காதே!

ஆலைத் தோழர்களே, விவசாயத் தோழர்களே! உங்கள் மகனோ மகளோ ஹோட்டல் வேலைக்குக் கிளம்பினால், பெட்டியில் துணியை மடித்து வைக்கும்போது கூடவே மூன்று சொல் சொல்லி அனுப்புங்கள்: கூலிச் சீட்டு வாங்கு, வேலை நேரத்தை எழுதி வை, சங்கத்தைத் தேடிச் சேர். ஊர் மந்தையில் பஞ்சாயத்துத் தலைவரைப் பார்த்தால், "கேளிக்கை வரி எவ்வளவு வந்தது, எவ்வளவு விட்டோம்?" என்று கேளுங்கள். கேட்டால்தான் கணக்கு வெளியே வரும்.

அனஹைமில் ஆரஞ்சு பறித்தவனை 1936-ல் துப்பாக்கி காட்டி அடக்கினார்கள். அதே மண்ணில் படுக்கை விரித்தவள் 2023-ல் கம்பெனியைக் கோர்ட்டில் வென்றாள். இடையில் ஓடிய வருஷங்கள் 87. நமக்கு அத்தனை வருஷம் வேண்டியதில்லை. அவர்கள் வெட்டிய பாதை கண்முன் கிடக்கிறது.

ஊர்ப்பணம் தின்கிறவன் ஊர்க்கூலி கொடுக்கட்டும்! மெத்தை விரிக்கிறவள் நிம்மதியாகத் தூங்கட்டும்!